எழும்பிக் குந்துங்க, மொதலாளி

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் இருந்த துரைக்கண்ணுவின் சைக்கிள் பட்டறைக்கு அந்த மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். ஓடி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளியவன் மண்டி ஆள் பச்சைமுத்து. வண்டிக்குச் சொந்தக்காரரான, வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டி முருகையன் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி பின்னால் நடந்து வந்தார். அவர் நடந்து வருவதைப் பார்த்து அந்த ரோட்டுக்குப் பழக்கமில்லை. எதிரே டீக்கடை வீராசாமி, ஆற்றிக்கொண்டிருந்த டீயை ஆற்றாமல் அப்படியே நின்றான்.

"எங்கடா அவன்? பிலவேந்திரன் எங்க?"

பிலவேந்திரன் உள்ளே மண்ணெண்ணெயில் ஒரு சைக்கிள் செயினை அலசிக்கொண்டிருந்தான். அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்திரு எழுந்திரு என்று கால்கள் சொல்லின. அவன்தான் விடவில்லை. செயினை முழுக்க அலசி, உதறி, ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வெளியே வந்தான்.

விஷயம் இதுதான். வண்டி உலகச் சண்டைக் காலத்து வண்டி. வெள்ளைக்காரன் விட்டுப்போனதை ஏலத்தில் எடுத்து, கை மாறிக் கை மாறி முருகையனிடம் வந்தது. எஞ்சின் கல்லுமாதிரி இருந்தது. ஒயரைத்தான் எலியும் வெயிலும் பங்கு போட்டுத் தின்றிருந்தன. சீனாக்காரன் சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. செம்பு ஒயர் கண்ணால் பார்க்கக் கிடைக்காத காலம். முருகையன் யார் யாரையோ பிடித்துப் பட்டணத்திலிருந்து பன்னிரண்டு கஜம் வரவழைத்தார். சுற்றுவட்டாரத்தில் மோட்டார் ஒயர் வேலை தெரிந்த ஒரே கை பிலவேந்திரனுடையது. ஆவடி மிலிட்டரி டிப்போவில் மூட்டை தூக்கப் போனவன் அங்கே ஒயர் பிடிக்கவும் கற்றுக்கொண்டு வந்திருந்தான். தை பிறந்ததும் நாலு நாள் உட்கார்ந்து, பழசை முழுக்க உருவி எறிந்துவிட்டுப் புதுசு இழுத்துக் கொடுத்தான். வண்டி நன்றாகத்தான் ஓடியது.

மூன்று வாரம் கழித்துத் தொண்டூர் போகிற வழியில் நின்றது. பியூஸ் போயிருந்தது. வேறு போட்டார்கள், ஓடியது. அப்புறம் வளத்தியில் நின்றது. அப்புறம் பஜாரிலேயே, நடு ரோட்டில், ஜனம் பார்க்க நின்றது. முருகையன் திண்டிவனத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அந்த ஆள் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. "ஒயரு பழசுங்க. புதுச எவனோ சுருட்டிட்டு, பழசு மேலயே புது ரப்பர் சிலீவு மாட்டி ஏமாத்தியிருக்கான்" என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனான்.

நேற்று மத்தியானம் பிலவேந்திரன் பட்டறையில் இருந்த நேரத்தில், பச்சைமுத்துவும் இன்னும் இரண்டு ஆட்களும் மாதா கோயில் தெருவில் அவன் வீட்டுக்குள் நுழைந்து தேடினார்கள். பானைகளை இறக்கிக் கவிழ்த்தார்கள். கம்பு மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவினார்கள். கிடைத்தது துணி காயப்போடுகிற கொடிக்கயிறு ஒன்று. தெருவே வாசலில் நின்று பார்த்தது. அவன் மனைவி ஜோசப்பின் அழவில்லை. ராத்திரி அவனுக்குச் சோறு போட்டாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போதுதான் சொன்னாள்: "அவங்கால்ல நீ வுழுந்தன்னு என் காதுல வுழுந்துது, இந்த வாசப்படி ஏறாத."

இப்போது முருகையன் சொன்னார்: "பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பேன். ஒயர கொண்டாந்து வை. இல்ல, எடுத்துட்டேன்னு எல்லாரும் பாக்க கால்ல வுழு. ரெண்டும் இல்லன்னா ஸ்டேஷனு. இன்னிக்கி அமாவாச, சாயங்காலம் நான் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போவணும்."

துரைக்கண்ணு பிலவேந்திரனின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "யோவ், வுழுந்துட்டுப் போயேன். ஒரு நிமிசம். மண்ணு ஒட்னா தட்டிட்டுப் போவுது. மண்டி வண்டிங்கள வெச்சித்தான் என் பட்டற நடக்குது."

"எடுத்திருந்தா வுழுவேண்ணே. எடுக்கலியே."

"எடுத்தியா எடுக்கலியான்னு இப்ப யாரு கேட்டா?"

"நான் கேக்கறேன்" என்றான் பிலவேந்திரன். பிறகு முருகையனிடம் வந்தான். "மொதலாளி, ஒயரு எங்கயும் போவல. வண்டியிலதான் இருக்குது. எதனால நிக்குதுன்னு பன்னெண்டுக்குள்ள காட்டறேன். காட்டலன்னா நீங்க ஆளு வுடவேணாம், ஸ்டேஷனுக்கு நானே நடந்து போறேன்."

கத்தியை எடுத்து, ஹெட்லைட்டுக்குள் ஒரு ஒயரின் முனையை அரை விரல் அளவு சீவினான். செம்பு புதுக் காசுமாதிரி பளிச்சென்றது.

பச்சைமுத்து எட்டிப் பார்த்தான். "முனையில மட்டும் புதுசு போட்டு ஒட்டியிருப்ப. எங்கள இன்னா வெவரம் தெரியாதவங்கன்னு நெனச்சியா?"

டீக்கடைப் பக்கம் சிரிப்பு எழுந்தது. பிலவேந்திரன் கத்தியை மடக்கினான். முழு ஒயரையும் சீவிக்காட்டினால் ஒயர் செத்துப்போகும். கோளாறைக் கண்டுபிடித்துத்தான் ஆகவேண்டும்.

அவன் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் காயிலுக்குப் போகும் ஒயரை முனையில் கழற்றிவிட்டான். பியூஸைப் பிடுங்கிவிட்டு அது இருந்த இடத்தில் ஒரு பழைய லைட் பல்பை இரண்டு துண்டு ஒயரால் மாட்டினான். சாவியைத் திருப்பினான். பல்பு எரியவில்லை.

"இன்னா பிலவேந்திரா, கோயில் சப்பரத்துக்கு சீரியல் செட்டா?" என்றான் வீராசாமி.

"இந்த பல்பு இப்ப எரியக்கூடாது. கரண்ட்டு போவ வழியே இல்ல. எங்கயாவது ஒயரு தேஞ்சி இரும்புல பட்டா அப்பத்தான் எரியும். பியூஸு போறதுக்கு பதிலா இது எரியும். எந்த எடத்த தொடும்போது எரியுதோ அங்கதான் கோளாறு."

பாதிப் பேருக்குப் புரிந்தது. மீதிப் பேரும் புரிந்தமாதிரி தலையாட்டிக்கொண்டு பல்பைப் பார்க்க வந்து நின்றார்கள்.

அவன் ஹேண்டில்பாரை இடது பக்கம் ஒடித்தான், வலது பக்கம் ஒடித்தான். எரியவில்லை. ஹெட்லைட்டுக்குள் ஒவ்வொரு ஒயராகப் பிடித்து ஆட்டினான். டாங்கியைக் கழற்றி, அதன் அடியில் போகிற ஒயர்க் கட்டைக் கையால் தடவிப் பார்த்து, டாங்கியைத் திரும்ப மாட்டினான். ஹாரனைத் தட்டினான். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினைக் கைமுட்டியால் குத்தினான். பல்பு கிணற்றுத் தவளைக் கண்மாதிரி சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. முக்கால் மணி போய்விட்டது. ராஜகிரி மலைப் பாறைகளில் பட்டுத் திரும்புகிற வெயில் ரோட்டில் இறங்கியது. கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. மேல்மலையனூர் போகிற ஸ்பெஷல் பஸ்கூட அந்த இடத்தில் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது.

அவனே சீட்டில் ஏறி உட்கார்ந்து குதித்துப் பார்த்தான். இரண்டு பக்கமும் பெரிய ஸ்பிரிங் வைத்த பழைய காலத்து சீட். அவன் எடைக்கு அது லேசாகத் தலையாட்டியது, அவ்வளவுதான்.

"மணி பதினொண்ணரை" என்றார் முருகையன்.

பிலவேந்திரன் கீழே இறங்கி, வேட்டி முனையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். பச்சைமுத்துவைக் கூப்பிட்டான்.

"வண்டி நின்னப்பல்லாம் யாரு ஓட்டினா?"

"மொதலாளிதான். வேற யாரு ஓட்டுவா?"

"பியூஸு மாத்தி வூட்டுக்குக் கொண்டாந்தது?"

"நானு."

"உனக்கு வழியில நின்னுதா?"

பச்சைமுத்து யோசித்தான். "ஒரு தபாகூட நிக்கல."

"தொண்டூர்லருந்து இவ்ளோ தூரம் அந்தப் பள்ளத்துலயெல்லாம் ஓட்டிக்கினு வந்து, நிக்கல?"

"நிக்கல. அதான் சொல்றேனே, மொதலாளி மேல கண்ணு பட்டிருக்குது. கண்ணு என்மேலயா படும்?"

பச்சைமுத்துவின் உடம்பைப் பார்த்தால் கொடிக்கயிற்றில் சட்டை காயப்போட்டமாதிரி இருக்கும். முருகையனோ மண்டித் தராசில் தனியாக நிறுக்கவேண்டிய ஆள். பிலவேந்திரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ரோட்டிலேயே மல்லாந்து படுத்து, தலையை சீட்டுக்கு அடியில் நுழைத்தான்.

சீட்டின் மூக்குப் பக்கத்துக்குக் கீழே, காயிலுக்கு ஒயர் போகிற இடத்தில், மஞ்சள் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று ஒயரோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவன் கட்டியதல்ல. கையை நீட்டினான்.

"ஏய் ஏய்! அத்த தொடாத!" பச்சைமுத்து பாய்ந்து குனிந்தான். "அம்மன் தகடு அது. மேல்மலையனூர்ல மந்திரிச்சி வாங்கினது. நீ மாதாவக் கும்புடற வேதக்காரன், கைய வெக்காத."

பிலவேந்திரன் கையை இழுத்துக்கொண்டான். பயந்து அல்ல. தன் கை அதில் பட்ட பிறகு என்ன தெரிந்தாலும் அதைத் தானே செய்ததாகச் சொல்லிவிடுவார்கள் என்று தெரிந்துதான்.

"எப்ப கட்டினீங்க?"

"தை அமாவாசைக்கு. நான்தான் கட்டினேன். நூலு காத்துல அறுந்துடும்னு கம்பி போட்டுக் கட்டினேன்."

"அதுக்கு முன்னால வண்டி நின்னுதா?"

பச்சைமுத்து முதலாளியைப் பார்த்தான். முதலாளி மலையைப் பார்த்தார்.

பிலவேந்திரன் எழுந்து முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே சொன்னான்: "மொதலாளி, நீங்க வந்து வண்டி மேல குந்துங்க."

"நான் எதுக்குடா?"

"நீங்க ஓட்டினாத்தான் நிக்குது. நான் குந்தினா எப்படித் தெரியும்?"

முருகையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஸ்பிரிங் முனகியது. நூறு கண்கள் பல்பைப் பார்த்தன. எரியவில்லை.

"போச்சு" என்றான் வீராசாமி.

"எழும்பிக் குந்துங்க, மொதலாளி."

"இன்னாது?"

"எழும்பிப் பொத்துனு குந்துங்க. பள்ளத்துல எறங்கினா வண்டி உங்கள தூக்கிப் போடுதில்ல, அதுமாதிரி."

"நடு ரோட்டுல என்ன கொரங்காட்டம் குதிக்கச் சொல்றியா?"

"நடு ரோட்டுல என்ன உங்க கால்ல வுழச் சொன்னீங்க. நான் உங்கள உங்க சீட்டு மேலதான் குந்தச் சொல்றேன்."

துரைக்கண்ணு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். கூட்டம் சிரிக்கவில்லை. முருகையன் கூட்டத்தைப் பார்த்தார். இறங்கிப் போனால் பயந்துவிட்டார் என்பார்கள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, பொத்தென்று உட்கார்ந்தார்.

பல்பு பளீரென்று ஒரு மின்னு மின்னி அணைந்தது.

"எரிஞ்சிது!" என்றது யாரோ ஒரு குரல்.

"இன்னொரு தபா" என்றான் பிலவேந்திரன்.

பொத். பளீர்.

"இப்ப எழுந்திருக்காம அப்படியே அமுத்துங்க."

முருகையன் மூச்சைப் பிடித்து அமுத்தினார். பல்பு நின்று எரிந்தது. பட்டப்பகலில், வெயிலில், எல்லார் கண்ணுக்கும் தெரிய மஞ்சளாக எரிந்தது. அவர் எழுந்தார், அணைந்தது. அமுத்தி உட்கார்ந்தார், எரிந்தது. இப்போது அவரே யாரும் சொல்லாமல் இன்னொரு முறை உட்கார்ந்து பார்த்தார். கூட்டம் தேர் இழுக்கிறமாதிரி ஒவ்வொரு முறையும் "ஹோ" என்றது.

"நீங்களே அவுத்துப் பாருங்க" என்று பிலவேந்திரன் குறட்டை நீட்டினான்.

முருகையன் செருப்பைக் கழற்றிவிட்டு, ரோட்டில் முழங்கால் போட்டுக் குனிந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டார். கம்பி லேசில் வரவில்லை. வியர்த்து, முனகி, கடைசியில் அவிழ்த்தார். மஞ்சள் துணியைக் கிழித்துக்கொண்டு தகட்டின் ஓரம் வெளியே வந்திருந்தது. ஓரத்தில் கறுப்பாகக் கருகல். ஒயரில் அதே இடத்தில் ரப்பர் அறுபட்டு, உள்ளே செம்பு தெரிந்தது. காயிலுக்குப் போகும் வழியில், பாதி தூரத்தில், பளபளவென்று தெரிந்தது.

"பாத்துக்குங்க. முனையில்ல மொதலாளி. நடு ஒயரு" என்றான் பிலவேந்திரன். "நீங்க குந்தும்போது சீட்டு ஸ்பிரிங்கு எறங்கி தகட்ட அமுத்துது. தகடு ஒயர அறுத்து, கரண்ட்ட இரும்புல எறக்குது. அம்மன நான் ஒண்ணும் சொல்லல. அம்மன கொண்டாந்து ஒயரு மேல கட்டினது உங்க ஆளு."

முருகையன் தகட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் செருகினார். "சரி சரி. முடுக்கி வுடு. நேரமாவுது."

பிலவேந்திரன் அறுபட்ட இடத்தில் ஒயரை வெட்டினான். கெட்டுப்போன துண்டை எறிந்துவிட்டு இரண்டு முனையையும் சீவினான். சீவிய முனைகளை முறுக்காமல் அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"சொல்லுங்க மொதலாளி."

"இன்னாத்த சொல்றது?"

"பிலவேந்திரன் எடுக்கலன்னு."

"அதான் எல்லாரும் பாத்தாங்களே."

"பல்ப பாத்தாங்க. நீங்க சொல்லி யாரும் கேக்கல."

முருகையனின் முகம் சிவந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். ஏதோ சொல்லத்தான் வந்தார். அதற்குள் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"இங்க சொல்லவேணாம்."

ஜோசப்பின். ஸ்டேஷன் பேச்சு தெருவரைக்கும் போயிருந்தது. எந்த நேரத்தில் வந்து நின்றாள் என்று பிலவேந்திரனுக்கே தெரியாது. தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். "ரோட்டுலயா வந்து தேடினீங்க? எங்க வூட்டுல பூந்து தேடினீங்க. எங்க தெரு பாத்துது. அங்க வந்து சொல்லுங்க."

பிலவேந்திரன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். இவ்வளவு தூரம் அவன் நினைத்திருக்கவில்லை. ஆனால் அவள் சொன்ன பிறகு வேறு கணக்கு இல்லை என்று தோன்றிவிட்டது. குறட்டை இடுப்பில் செருகிக்கொண்டான்.

"வூட்டுலதான் இருப்பேன்" என்றான்.

"பிலவேந்திரா! இப்பிடியே வுட்டுட்டுப் போனன்னா பட்டறைக்கு வராத!" என்று கத்தினான் துரைக்கண்ணு.

"சரிண்ணே."

இருவரும் நடந்தார்கள். ரோடு வழிவிட்டது.

மத்தியானம் முழுக்க பிலவேந்திரன் வீட்டு வாசலில் வேப்ப மர நிழலில் உட்கார்ந்திருந்தான். தைரியமாக இருந்தான் என்று எழுதினால் பொய். ஸ்டேஷனிலிருந்து ஆள் வருமோ என்று ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் நிமிர்ந்தான். பட்டறை போனால் மறுபடியும் மூட்டைதான், முதுகு இனிமேல் தாங்காது. ஜோசப்பின் அதைத் தெரிந்தவள்தான். கூழைக் கரைத்து முன்னால் வைத்துவிட்டு, "குடி, அப்பறம் பயப்படலாம்" என்றாள்.

அங்கே பட்டறையில் துரைக்கண்ணு தானே முடிக்கிறேன் என்று உட்கார்ந்தானாம். சைக்கிளுக்கு ஏது காயில்? எந்த ஒயரை எங்கே மாட்டினானோ, மூன்று பியூஸ் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகின. பஸ்ஸில் போகலாம் என்று முருகையன் கூட்டு ரோடு வரைக்கும் போனாராம். ஸ்பெஷல் பஸ் கூரைமேல்கூட இடமில்லாமல் போனது. தொங்கிக்கொண்டிருந்தவர்களில் அவர் மண்டியில் மூட்டை தைக்கிறவன் ஒருவன், "மொதலாளி, வண்டி இன்னா ஆச்சி?" என்று கூவிக்கொண்டே போனானாம். இதெல்லாம் பிறகு வீராசாமி சொன்னது.

வெயில் தாழ்ந்து, மாதா கோயிலில் ஆறு மணி மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், தெரு முனையில் வண்டி தெரிந்தது. பச்சைமுத்து தள்ளிக்கொண்டு வந்தான். பின்னால் முருகையன். வாசலுக்கு வந்து நின்றார். பிலவேந்திரன் எழுந்து நின்றான். இந்த முறை கால்களை அவன் தடுக்கவில்லை, வீட்டுக்கு வந்த ஆள்.

முருகையன் தொண்டையைக் கனைத்தார். "ஒயரு எடுக்கல. நாந்தான் தப்பா நெனச்சிட்டேன்."

"எதிர்வூட்டு மரியசெல்விக்குக் கேக்கல" என்றாள் ஜோசப்பின். "நேத்து பூந்தப்ப அதுதான் மொதல்ல பாத்துது."

மரியசெல்வி தன் வாசலில் முறத்தோடு நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் இன்னும் பத்துப் பேர். முருகையன் பல்லைக் கடித்தார். அந்தப் பக்கம் திரும்பினார். மண்டியில் ஏலம் கூறுகிற குரல் அவருக்கு உண்டு. அந்தக் குரலில் சொன்னார்: "பிலவேந்திரன் ஒண்ணும் எடுக்கல! அவம்மேல தப்பு இல்ல! போதுமா?"

"பச்சமுத்துவும் சொல்லணும். பானைய கவுத்தது அதுதான்" என்றாள் ஜோசப்பின்.

"தப்புதாங்க்கா" என்றான் பச்சைமுத்து, வண்டி ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டே.

அதற்கு மேல் பிலவேந்திரன் அவர்களை நிற்க வைக்கவில்லை. மண்ணில் உட்கார்ந்தான். துரைக்கண்ணு மாற்றி மாட்டியிருந்ததைக் கழற்றிச் சரியான இடத்தில் மாட்டினான். இரண்டு முனைகளையும் முறுக்கி, சுற்றி, ஸ்பிரிங் எவ்வளவு இறங்கினாலும் எட்டாத பக்கமாக ஒயரைத் திருப்பிக் கட்டினான். கடைசியாகப் புது பியூஸ் போட்டான். ஒரே உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"தகட்ட எங்க கட்டறது?" என்று கேட்டார் முருகையன். குரலில் கோபம் இன்னும் இருந்தது, கேள்வி மட்டும் நிஜமாக இருந்தது.

"உங்க இஷ்டம். ஹேண்டிலு முன்னால நூலுல கட்டுங்க. அறுந்தா மறுபடியும் கட்டுங்க. ஒயர மட்டும் வுட்டுடுங்க."

முருகையன் ஏறி உட்கார்ந்தார். ஸ்பிரிங் தாழ்ந்தது. பச்சைமுத்து பின்னால் தொற்றிக்கொண்டான். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வண்டி தெருவைக் கடந்து, கோயிலுக்கு முன்னால் இருக்கும் பெரிய பள்ளத்தில் தடால் என்று இறங்கி ஏறியது. தெருவில் எல்லாரும் காதைக் கொடுத்து நின்றார்கள். சத்தம் தொடர்ந்தது. ஏரிக்கரை பக்கம் போய், மேடு ஏறி, மேல்மலையனூர் ரோட்டில் சிறுத்துக்கொண்டே போனது.

"நிக்கலயே" என்றாள் ஜோசப்பின்.

"நிக்காது" என்றான் பிலவேந்திரன்.